ஒரு வரியின் பின்னால் போன படிப்பு

நான் மேற்படிப்புக்குப் போனதற்குக் காரணம் ஒரு கருநீலப் பனியன் துணி. சாயம் ஏற்றி, உலர்த்தி, விளக்கு மேசையில் விரித்தபோது குறுக்கே வரி ஓடியது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு எட்டு பின்னால் நகர்ந்து சாய்வாகப் பார்த்தால் வெளிர், அடர், வெளிர், அடர் என்று சுருள் முழுக்க ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும். தொழிலில் இதற்குப் பாரே என்று பெயர். தரப் பரிசோதனையில் சேர்ந்து அப்போது எனக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. இளநிலைப் பட்டம் இருந்தது, வரி இருக்கிறது என்று அறிக்கை எழுதத் தெரிந்திருந்தது, ஏன் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் கூட்டம். நூல் கொடுத்தவர் தன் சோதனை அறிக்கையை விரித்து, கவுண்ட், அதாவது நூலின் பருமன் எண், சரி, முறுக்கு சரி என்றார். பின்னல் பிரிவுக்காரர், இதே மெஷினில் போன வாரம் ஓடிய துணியில் வரி இல்லையே என்றார். சாயப் பிரிவின் பெரியவர் எழுந்து, "சாயம் வரியைக் காட்டும் சார், உண்டாக்காது" என்றார். மூன்று பேர் சொன்னதும் உண்மை. ஆனாலும் வரி இருந்தது. துணி செகண்ட்ஸ், அதாவது குறையுள்ள இரண்டாம் தரச் சரக்கு, என்ற கணக்கில் போயிற்று, கூட்டம் முடிந்தது, அடுத்த ஆர்டர் வந்தது. நான் மட்டும் கையகலத் துண்டு ஒன்றை வெட்டி நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

ஜவுளியில் முதுநிலைப் படிப்பு தேடுகிறவர்கள் முதலில் குழம்புவது பெயர்களில்தான். தொழில்நுட்பம், வடிவமைப்பு, மேலாண்மை. சில இடங்களில் மூன்றும் தனித்தனித் துறைகள், சில இடங்களில் ஒரே கூரைக்குக் கீழே. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜவுளிக் கல்லூரியில் ஜவுளித் தொழில்நுட்ப மேலாண்மை என்றே ஒரு முனைவர் பட்டம் இருக்கிறது. ஸ்வீடனின் போரோஸில் 1866-இல் நெசவுப் பள்ளியாகத் தொடங்கிய இடம் இன்று தறியும் சாய ஆய்வகமும் மேலாண்மை ஆய்வும் சேர்ந்த ஜவுளிப் பள்ளியாக நிற்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸில் 1874-இல் கல்லூரி திறந்தபோதே ஜவுளிப் பாடம் இருந்தது. ஜப்பானின் உவேடாவில் 1910-இல் பட்டுப்புழு வளர்ப்புக் கல்லூரியாக ஆரம்பித்ததுதான் இன்றைய ஷின்ஷு பல்கலைக்கழகத்தின் ஜவுளி அறிவியல் புலம். பிரான்ஸ், ஸ்வீடன், இத்தாலி, ருமேனியா, சீனா ஆகிய ஐந்து நாட்டுக் கல்வி நிறுவனங்கள் சேர்ந்து, நீடித்த மேலாண்மையும் வடிவமைப்பும் என்ற பெயரில் ஜவுளிக்கென ஒரு கூட்டு முனைவர் திட்டமே நடத்தின. இந்த இடங்களின் வரலாறு எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒவ்வொன்றும் எதிலிருந்து தொடங்கியதோ அந்த வாடை இன்னும் அதில் இருக்கும். பட்டிலிருந்து வந்த இடம் இழையைப் பற்றி அதிகம் யோசிக்கும், நெசவுப் பள்ளியிலிருந்து வந்த இடம் தறியை. விண்ணப்பிக்கும் முன் அது தெரிந்திருப்பது நல்லது.

நான் மூன்றும் சேர்ந்த படிப்பைத்தான் எடுத்தேன். அந்தக் கூட்டத்தில் மூன்று பேரும் மூன்று பாஷை பேசியது மனதில் இருந்தது. மூன்றையும் ஓரளவு பேசத் தெரிந்த ஒருவர் அன்று மேசையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி விடவே இல்லை.

முதல் செமஸ்டர் சோதனைக்கூடத்தில் போயிற்று. வெப்பம் 20 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 65 சதவீதம், இதற்குள் துணியைப் போதிய நேரம் விரித்து வைத்த பிறகுதான் எந்த அளவையும் எடுக்கலாம். இந்த விதியை இளநிலையில் மனப்பாடம் செய்திருந்தேன், ஆனால் காரணம் உறைத்தது இங்கேதான். பருத்தி காற்றிலிருந்து தன் உலர் எடையில் சுமார் 8.5 சதவீதம் அளவுக்கு நீரை இழுத்து வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் வெறும் 0.4. ஈரமானால் பருத்தி நூலின் வலு ஏறும், மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழையின் வலு இறங்கும். அப்படியென்றால் மழை நாளில் எடுத்த எண்ணும் வெயில் நாளில் எடுத்த எண்ணும் ஒரே துணியைப் பற்றிய எண்களே இல்லை. வேலையில் இருந்த இரண்டு வருடமும் ஜன்னல் திறந்த அறையில் நான் எழுதிய அறிக்கைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

அப்புறம் அந்தத் துண்டை வெளியே எடுத்தேன்.

பாரேயைப் பிரித்துப் பார்க்க ஒரு வரிசை இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் துணிமேல் வைத்துச் சூட்டோடு அழுத்தினால் துணியின் மேடு பள்ளம் அதில் பதியும், நிறம் பதியாது. தாளிலும் வரி தெரிந்தால் கோளாறு பின்னலிலோ நூலின் தடிமனிலோ இருக்கிறது. தாள் சுத்தமாக வந்தால் கோளாறு நிறத்தில், அதாவது இழை சாயம் குடித்த விதத்தில். என் தாள் சுத்தமாக வந்தது. ஆனாலும் நம்பாமல் வரிசை வரிசையாக நூலைப் பிரித்தேன். வட்டப் பின்னல் மெஷினில் நூல் ஊட்டும் முனைகள், அதாவது ஃபீடர், 90 இருந்தால் ஒரு சுற்றில் 90 வரிசை பின்னப்படும், எனவே ஒரே ஒரு ஃபீடரில் கோளாறு என்றால் அது 90 வரிசைக்கு ஒரு முறை திரும்ப வரும். வரிசைகளை எண்ணி, வெளிர் வரியின் நூலையும் அடர் வரியின் நூலையும் தனித்தனியாக வைத்து, கண்ணியின், அதாவது பின்னலின் ஒரு வளையத்தின், நீளத்தைக் கணக்குப் போட்டு, நூலை எடை போட்டேன். 30 கவுண்ட் நூல் என்றால் ஏறக்குறைய 20 டெக்ஸ், ஆயிரம் மீட்டருக்கு 20 கிராம், ஒரு மீட்டர் வெறும் 20 மில்லிகிராம். மூச்சுக்காற்று பட்டாலே தராசு ஆடும். மூன்று நாள் அந்த வேலை. வெளிர் நூலும் அடர் நூலும் ஒரே எடை, கண்ணியும் ஒரே நீளம்.

பின்னல்காரர் சொன்னது உண்மை என்று அன்றைக்கு நிரூபணம் ஆயிற்று. நூல்காரர் காட்டிய கவுண்ட் அறிக்கையும் பொய்யில்லை.

மிச்சமிருந்தது இழை. நூலைப் பிரித்து இழைகளை 18 சதவீத காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், முதிர்ந்த பருத்தி இழை உப்பி உருண்டைக் குச்சி மாதிரி நிற்கும், முதிராதது சுவர் மெலிந்து தட்டை ரிப்பனாகவே கிடக்கும். முதிராத இழையில் நிறம் வெளிறித் தெரியும். வெளிர் வரிகளின் நூலில் ரிப்பன்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அதிகம். ஆகவே ஒரே மெஷினில், ஒரே கவுண்டில், இரண்டு வேறு பருத்திக் கலவையில் நூற்ற நூல் ஓடியிருக்கிறது. நூல் சோதனை அறிக்கையில் கவுண்டும் முறுக்கும் வலுவும் இருந்தன, இழையின் முதிர்ச்சி இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஏன் இரண்டு கலவை என்பதற்கு ஆய்வகத்தில் பதில் இல்லை. அது பிறகு வந்தது.

நடுவில் வடிவமைப்புப் பாடம். பொறியியல் பின்னணியில் வந்தவர்கள் இதை இலகுவாக நினைப்பார்கள், நானும் நினைத்தேன், அது தவறு. ஸ்டுடியோவில் உங்கள் துணியைச் சுவரில் மாட்டிவிட்டு எல்லாரும் சுற்றி நின்று பேசுவார்கள். எண் காட்டித் தப்ப முடியாது. "இந்த ஓரம் ஏன் இப்படி நிற்கிறது?" என்று ஒருவர் கேட்டால் உங்கள் முடிவை நீங்கள் சொல்லியாக வேண்டும். எனக்கு அங்கே மிகவும் உதவியது நெசவுக் கலைஞர் அன்னி ஆல்பர்ஸின் ஒரு வேலை. ஜெர்மனியில் பௌஹௌஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியில் படித்த அவர் 1930-இல் பட்டத்துக்காக நெய்தது பெர்னாவ் தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கத்துக்கான ஒரு சுவர்த்துணி. எதிரொலியை அது விழுங்க வேண்டும், வெளிச்சத்தையும் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு முகத்தில் பளபளக்கும் செலோஃபேன் வைத்து ஒளியைத் திருப்பினார், மறுமுகத்தில் செனீல் என்ற பஞ்சுபோன்ற நூலை வைத்து ஒலியை உள்ளே வாங்கினார். இதை வடிவமைப்பு என்பதா, பொறியியல் என்பதா? எந்த அலமாரியில் வைத்தாலும் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

தொடுவுணர்வு பற்றிய பாடமும் அப்படித்தான். துணியை விரலால் தடவிப் பார்த்துச் சொல்வதை எண்ணாக்க முடியுமா என்று 1930-லேயே பியர்ஸ் என்ற ஆய்வாளர் கேட்டார். மேசை விளிம்பில் ஒரு பட்டைத் துணியைத் தள்ளிக்கொண்டே போய், அது தன் எடையால் வளைந்து 41.5 டிகிரிக் கோட்டைத் தொடும்போது எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளப்பது அவர் வழி வந்த சோதனை. எளிமைக்கு இதைவிட அழகான சோதனையை நான் பார்த்ததில்லை. 1970-களில் ஜப்பானில் கவாபாட்டா என்ற ஆய்வாளர் வேறு வழி பிடித்தார். ஆலைகளில் துணியைத் தொட்டே தரம் சொல்லும் அனுபவசாலிகளைக் கூட்டி, அவர்கள் பயன்படுத்தும் சொற்களை முதலில் நிலைப்படுத்தினார். விறைப்புக்கு கோஷி, வழுவழுப்புக்கு நுமெரி, உப்பலுக்கு ஃபுகுராமி. பிறகு இழுப்பு, வளைவு, நழுவல், அழுத்தம், மேற்பரப்பு என்று மெஷினில் எடுத்த 16 அளவுகளை அந்தச் சொற்களோடு பொருத்தினார். அனுபவசாலியின் கையை ஒதுக்காமல் அதையே ஆதாரமாக வைத்துக் கருவி செய்தாரே, ஆராய்ச்சி என்றால் எனக்கு இன்றும் அதுதான் ஞாபகம் வரும். நம் தொழிலில் அறிவு நிறையப் பேரின் விரல் நுனியில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை.

என் கருநீலத் துணிக்கும் வடிவமைப்பிலிருந்து ஒரு பதில் கிடைத்தது. அதே நூலை வெளிர் நிறத்தில் சாயம் போட்டிருந்தால், அல்லது ஒற்றைப் பின்னலுக்குப் பதில் மேற்பரப்பு உடைந்து தெரிகிற பின்னலில் போட்டிருந்தால், வரி அவ்வளவு கண்ணில் குத்தியிருக்காது. நிறமும் பின்னலும் தேர்ந்தெடுக்கிறவர் தெரியாமலேயே தரத்தைப் பற்றியும் ஒரு முடிவு எடுக்கிறார்.

சரி, மேலாண்மைக்கு வருவோம். இந்தப் பாடத்தைப் பாட எண்ணிக்கையை நிரப்புவதற்காக மட்டும் எடுக்கிறவர்கள் அதிகம், எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒரு துணி எங்கே நெய்யப்படுகிறது, எங்கே தைக்கப்படுகிறது என்பதைப் பல பத்தாண்டுகள் தீர்மானித்தது தொழில்நுட்பம் மட்டும் இல்லை. 1974-இல் வந்த பல்லிழை ஒப்பந்தம் எந்த நாடு எந்த நாட்டுக்கு எவ்வளவு அனுப்பலாம் என்று கோட்டா வைத்தது. ஒரு நாட்டின் கோட்டா தீர்ந்தால் ஆர்டர் அடுத்த நாட்டுக்கு நகரும். கடைசிக் கோட்டாக்கள் 2005 ஜனவரி 1 அன்று நீங்கியதும் மொத்த வரைபடமே மாறிற்று. ஆர்டரில் நேரமும் விலையும் நெருக்கும்போது அந்த நெருக்கல் யார் தலையில் இறங்குகிறது என்பதையும் இதே வகுப்பில்தான் பேச வேண்டும். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தது, தைக்கிறவர்கள் மட்டும் மறுநாள் உள்ளே அனுப்பப்பட்டார்கள். அந்த வாரப் பாடத்தில் நாங்கள் யாரும் அதிகம் பேசவில்லை.

அதற்குப் பின்னால் செய்தித்தாள் விற்பவர் கணக்கு வந்தது. காலையில் எத்தனை தாள் வாங்குவது? அதிகம் வாங்கினால் மிச்சம் குப்பை, குறைத்து வாங்கினால் கேட்டு வந்தவர் திரும்பிப் போவார். பருவத்துக்குப் பருவம் மாறுகிற உடுப்பு வியாபாரம் முழுக்க இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது. அதனால் வாங்குபவர் முதலில் குறைவாக ஆர்டர் போடுவார், விற்பனை நன்றாக இருந்தால் நடுவில் கூட்டுவார். வகுப்பில் ஆசிரியர் இதைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது எனக்குப் பழைய துணி நினைவுக்கு வந்தது. இடைவேளையில் வெளியே போய், பழைய இடத்தில் நூல் கிடங்கு பார்த்த பெரியவருக்குப் போன் செய்தேன்.

"ஐயா, அந்தக் கருநீல ஆர்டருக்கு நூல் எத்தனை தடவையா வந்தது?"

"ரெண்டு தடவைம்மா. ஆர்டர் நடுவுல கூடுச்சே, ஞாபகம் இல்லையா? மொதல்ல வந்தது பத்தல. ரெண்டாவது வண்டி வந்து ஒரே அடுக்குல வெச்சோம். கவுண்ட் ஒண்ணுதானேம்மா."

கவுண்ட் ஒன்றுதான். லாட், அதாவது ஒரே கலவையில் ஒன்றாக நூற்ற தொகுதி, வேறு. லாட்டைப் பிரித்து அடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, ஆர்டரைக் கூட்டியவருக்கு லாட் என்ற சொல்லின் விளைவு தெரியாது, கூடுதல் நூலை வாங்கிய கொள்முதல் பிரிவிலிருந்து அன்றைய கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. அழைக்கப்படவும் இல்லை. மேசையில் இருந்த மூன்று பேரும் உண்மை பேசியதும் வரி இருந்ததும் எப்படிச் சேர்ந்து நிகழ முடிந்தது என்று அந்த வராந்தாவில் புரிந்தது. என் ஆய்வேட்டுத் தலைப்பு அன்றே முடிவாயிற்று. ஆர்டர் மாற்றங்கள் எந்த வழியில் துணியின் குறையாக மாறுகின்றன என்பதை எடுத்துக்கொண்டேன்.

இனி, போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். புள்ளியியலை முதலிலேயே படியுங்கள். எத்தனை மாதிரி எடுத்தால் போதும், இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் நிஜமா தற்செயலா என்று சொல்லத் தெரியாமல் சோதனைக்கூடத்துக்குள் போனால் ஒரு வருடம் வீணாகும். வடிவமைப்பிலிருந்து வருகிறவர்கள் பாலிமர் வேதியியலுக்குப் பயப்பட வேண்டாம், நெய்கிற கைக்கு அது சீக்கிரம் பிடிபடும், பருத்தியும் பாலியெஸ்டரும் ஒரே தொட்டியில் ஒரே சாயத்தை ஏன் ஏற்பதில்லை என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் போதும். ஆய்வேடு எழுதும் முதுநிலையா, பாடங்கள் மட்டும் உள்ள முதுநிலையா என்பதைத் தெளிவாகப் பார்த்துச் சேருங்கள். பின்னால் முனைவர் பட்டம் மனதில் இருந்தால் முதலாவது, தொழிலுக்கே திரும்புவதாக இருந்தால் இரண்டாவதும் நன்றாகவே உதவும். பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கும் மெஷின் படங்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். இப்போது அங்கே படிக்கிற ஒருவரிடம், அந்த மெஷின் கடைசியாக எப்போது ஓடியது, ஓட்டத் தெரிந்த தொழில்நுட்பர் இருக்கிறாரா என்று கேளுங்கள். வழிகாட்டியின் கடைசி மூன்று மாணவர்களின் ஆய்வேடுகளைப் படியுங்கள். அவர் எப்படி யோசிக்க வைக்கிறார் என்பது அவர் எழுதியதைவிட அவர்கள் எழுதியதில் தெரியும்.

புதிதாகக் கேள்விகள் திறந்துகொண்டிருக்கிற இடம் மறுசுழற்சி. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2025 ஜனவரி 1 முதல் பழைய துணியைத் தனியாகச் சேகரித்தாக வேண்டும் என்பது விதி. சேகரித்த பிறகு? பழைய துணியைக் கிழித்து மறுபடி இழையாக்கினால் இழை குட்டையாகும், பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்திருந்தால் பிரிப்பது கடினம், இழுபடுவதற்காகக் கொஞ்சம் எலாஸ்டேன் இழை சேர்ந்திருந்தால் இன்னும் கடினம். இரண்டு வருடம் அணியப்போகும் ஒரு சட்டையை, அது கிழிக்கப்படும் நாளை மனதில் வைத்து இன்று வடிவமைக்க வேண்டியிருக்கிறது. மூன்று துறையும் சேராமல் இதில் ஓர் அடி நகர முடியாது.

போன வருடம் கூட வேலை பார்க்கும் ஒரு பெண் வந்து, "அக்கா, நான் டெக்னாலஜி எடுக்கவா, மேனேஜ்மென்ட் எடுக்கவா?" என்று கேட்டாள். உன்னைத் தொந்தரவு செய்கிற துணி ஏதாவது இருந்தால் எடுத்து வா என்றேன். ஒரு வாரம் கழித்து ஓட்டப் பயிற்சிக்கு அவள் போடும் பாலியெஸ்டர் சட்டையைக் கொண்டுவந்தாள். துவைத்து உலர்த்தி மடித்தது. "மோந்து பாருங்கள் அக்கா" என்றாள். ஒன்றுமில்லை. "இப்போது போட்டுக்கொண்டு பத்து நிமிடம் ஓடிவிட்டு வருகிறேன்" என்றாள். வந்தாள். பழைய வியர்வை வாடை அப்படியே இருந்தது.

பாலியெஸ்டர் தண்ணீரை ஏற்காது, எண்ணெயை விடாது. உடம்பின் எண்ணெய்ப் பசை இழையில் ஒட்டி நிற்கும், துவைக்கும் தண்ணீர் அதை முழுதாகப் பிடுங்காது, சூடு பட்டதும் வாடை மறுபடி எழும். இதுவரை வேதியியல். அக்குளில் மட்டும் வேறு இழை வைத்துப் பின்னலாமா, ஒரே மெஷினில் நூல் மாற்றிச் செய்ய முடியுமா என்று அவள் கேட்டாள், அது வடிவமைப்பு. இந்தச் சட்டைகளை ஜனங்கள் கிழிந்து தூக்கிப் போடுகிறார்களா, வாடைக்காகத் தூக்கிப் போடுகிறார்களா என்று நான் கேட்டேன், அதற்கு இரண்டு பேரிடமும் பதில் இல்லை. இப்போது அவள் மேசையில் மூன்று சட்டைகள், எத்தனை துவைப்பு ஆயிற்று என்று எழுதித் துணிமேலேயே குத்திவைத்த சீட்டுகள். வாடையை மூக்கால் மதிப்பிடும் குழு வைத்திருக்கிற ஆய்வகம் எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம், விண்ணப்பம் அதற்குப் பிறகுதான்.